பழனி வரை நிற்க வேண்டிய பச்சை

1

தைப்பூசம் வந்தால் எங்கள் கடையில் மஞ்சள் துணி குவியும். மலேசியாவில் தைப்பூசத்துக்கு மஞ்சள்தான். வேட்டி, சேலை, பிள்ளைகளின் பாவாடை சட்டை எல்லாம் மஞ்சள். திருவிழாவுக்கு முன்னால் தேய்க்க வரும். பின்னால் வெளுக்க வரும்.

நான் கிள்ளானில் டோபி கடை வைத்திருக்கிறேன். சலவைக் கடைக்கு இங்கே அதுதான் பெயர். சாயம் போகும் துணியையும் போகாத துணியையும் பிரித்துப் போடுவதுதான் என் தொழிலில் முக்கால்வாசி. கடைச் சுவரில் மூன்று மொழியில் பலகை தொங்குகிறது: சாயம் போனால் கடை பொறுப்பல்ல.

இந்த வாரம் மஞ்சளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். போன வருடம் பழனிக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. எழுதிப் பார்த்தால் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை. ஊர்க்காரர்கள் படித்துவிட்டு ஏதாவது சொல்லுங்கள்.

2

என் ஊர் நெய்க்காரப்பட்டி. பழனிக்குப் பக்கம். படிப்பு ஐந்தாவதோடு சரி. பிழைப்புக்குத் திண்டுக்கல் வந்தேன். நாகல் நகரில் ஒரு லாண்டரியில் இஸ்திரிப் பெட்டி பிடித்தேன். அம்மாவின் தம்பி கிள்ளானில் கடை வைத்திருந்தார். ஆள் வேண்டும் என்றார். போனேன். பிறகு அவர் மகள் மல்லிகாவையே கட்டிக்கொண்டேன். மாமாவுக்குப் பின் கடை எங்கள் கைக்கு வந்தது.

இங்கே குடிமகனுக்கு நீல அடையாள அட்டை. என்னைப் போல வந்து தங்கியவனுக்குச் சிவப்பு. மல்லிகாவுக்கும் மகளுக்கும் நீலம். எனக்கு இன்னும் சிவப்புதான். நீலத்துக்கு எழுதிப் போடச் சொல்லி மல்லிகா ஓயாமல் சொல்வாள். குடியுரிமை அலுவலகக் கவுண்டர் வரைக்கும் போவேன். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து டீ குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்துவிடுவேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஊரில் அப்பா விட்டுப்போன தோட்டம் இருக்கிறது. ஒரு கிணறு, கொஞ்சம் தென்னை, மீதியில் மக்காச்சோளம். அக்கா வீட்டுக்காரர் பழனிச்சாமி பார்த்துக்கொள்கிறார். அந்தத் தோட்டத்தில் குனிந்தது போதும் என்றுதான் நான் கிளம்பினேன். எனக்குப் பிள்ளை பிறந்தால் அது நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் நான் நினைத்தது.

3

நினைத்தபடியே நடந்தது. மகள் யாழினி காப்புறுதி அலுவலகத்தில், ஊர்ப் பேச்சில் இன்சூரன்ஸ் ஆபீஸில், வேலை பார்த்தாள். ஏசி, நாற்காலி, கழுத்தில் அட்டை. எல்லாம் இருந்தது.

ஒருநாள் ஒரு சட்டை வாங்கி வந்தாள். இலைச் சாயமாம். நல்ல விலை. உள்ளே ஒரு சீட்டு தைத்திருந்தது. மிஷினில் போடாதே, சோப்பு போடாதே, வெயிலில் காயப்போடாதே.

“இது துணியா, ஆஸ்பத்திரியில படுத்த ஆளா?” என்றேன்.

“அப்பா, இது போகப் போக மாறும். அதான் இதோட அழகு.”

“சாயம் போறது அழகா?”

“ஆமாப்பா.”

எனக்குப் புரியவில்லை. சாயம் போன துணிக்காக நான் கேட்காத திட்டு இல்லை. இவள் அதற்குக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு வந்து சிரிக்கிறாள்.

அதோடு நிற்கவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு வாளியில் அவுரிக் கட்டி, சுண்ணாம்பு, வெல்லம் எல்லாம் போட்டு ஊற வைத்தாள். நீலச் சாயம் அப்படித்தான் எடுக்க வேண்டுமாம். நாலு நாளில் நாற்றம் தாங்கவில்லை. எலி செத்துக் கிடக்கிறது என்று பக்கத்துக் கடைச் சீனர் நகராண்மைக் கழகத்துக்குச் சொல்லிவிட்டார். அதிகாரி வந்தார். என்ன இது என்று கேட்டார். மலாயில் சாயத்துக்கு என்ன வார்த்தை என்று அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. இலை, வெல்லம், வீட்டில் செய்தது என்று சொல்லி வைத்தேன். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். “இதையா சாப்பிடுகிறீர்கள்?” என்றார். பாவம், அபராதம்கூடப் போடாமல் போய்விட்டார்.

அந்த நாற்ற வாளியில் முக்கி எடுத்த துணியை நானும் பார்த்தேன். வெளியே வரும்போது பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். அதை மறுக்க மாட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

கெமிக்கல் சாயத் தண்ணீர் ஆற்றைக் கெடுக்கிறது, இந்தத் தண்ணீரைப் பக்குவம் பண்ணிச் செடிக்கே ஊற்றலாம் என்பாள். சாயத் தண்ணீர் ஓடின வாய்க்காலை நானும் பார்த்தவன். அதனால் எதிர்த்துப் பேச முடியாது. ஆனால் ஒரு சட்டையை அவள் எத்தனை தடவை அலசினாள், எவ்வளவு நேரம் அடுப்பை எரியவிட்டாள் என்பதையும் பார்த்தேன்.

“அந்தத் தண்ணி தண்ணி இல்லையா? அந்த கேஸு கேஸு இல்லையா?”

“அதுவும் இருக்குப்பா. நான் இல்லேன்னு சொல்லலையே. அதக் கொறைக்கத்தான் கத்துக்கணும்.”

“எங்க போயி?”

“நெய்க்காரப்பட்டில. நம்ம தோட்டத்துல. நானே அவுரி போட்டு, நானே சாயம் எடுக்கணும். வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்.”

மல்லிகா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“கொசு கடிச்சா மூணு நாள் அழுவா. இவ தோட்டம் போடுறாளாம்! நீங்க சொல்லுங்கங்க, முடியாதுன்னு.”

என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை. நான் ஓடி வந்த இடத்துக்கு இவள் ஓடப் பார்க்கிறாள். 

அந்த வருடம் நான் பழனிக்கு நடப்பதாக வேண்டியிருந்தேன். அதை வைத்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

“பழனிக்கு எங்க வீட்டுல பச்சை வேட்டிதான் கட்டுவோம். ஒன் சாயத்துல ஒரு பச்சை வேட்டி போட்டுக் குடு. திண்டுக்கல்ல கட்டுறேன். பழனி போற வரைக்கும் பச்சை நின்னுச்சுன்னா தோட்டம் ஒனக்கு. போச்சுன்னா பேச்ச விட்டுரு.”

யாழினி என் முகத்தைப் பார்த்தாள். “சரிப்பா,” என்றாள்.

முடியாது என்று சொல்லும் வேலையைத் துணியிடம் கொடுத்துவிட்டேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

4

நாகல் நகரில் இருந்து நடந்தோம். என்னோடு அந்தக் கால லாண்டரியில் இருந்த சேவியர் வழியனுப்ப வந்தான். வேட்டியைத் தொட்டுப் பார்த்தான். தொழில்காரன் கை, மடிப்பைத்தான் முதலில் தொட்டது.

“ஏலே, என்னா கலருடா இது! முருங்கைக் கொழுந்து கணக்கா இருக்கு. ஒம் மகளா போட்டா?”

“ஆமா.”

“எனக்கு ஒன்னு சொல்லு அப்பு. வேளாங்கண்ணிக்குக் காவி வேணும்.”

மச்சான் பழனிச்சாமி நெய்க்காரப்பட்டியில் இருந்து பஸ் ஏறித் திண்டுக்கல் வந்திருந்தார்.

“ஏனுங்க மாப்ள, எங்கூட்டுல இருந்து பழனி கூப்புடு தூரமுங்க. உங்களுக்காகப் பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்து, திரும்ப அங்கயே நடக்கறேன். இந்தப் புண்ணியத்துல பாதி எனக்கு எழுதிரோணும்.”

வழியெல்லாம் பச்சை வேட்டி. கடையில் வாங்கின பச்சை. கண்ணைக் குத்தும். என்னுடையது அதோடு சேரவில்லை. மெத்தென்று இருந்தது. பின்னால் வந்த இரண்டு பெண்கள் எந்தக் கடை என்று கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அது எதற்கென்று தெரியவில்லை. துணி தோற்க வேண்டும் என்றுதானே கட்டிக்கொண்டு வந்தேன்.

ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு பம்புசெட்டில் சாயங்காலம் குளித்தோம். வேர்வையும் புழுதியும். நான் வேட்டியை அலசினேன். மச்சான் சோப்புக் கட்டியை நீட்டினார். கை பழக்கம், போட்டுத் தேய்த்துவிட்டேன். யாழினியின் இலைச் சாயச் சட்டைச் சீட்டில் எழுதியிருந்தது நினைவில் இல்லை. தேய்த்த இடம் கருஞ்சிவப்பாக மாறியது.

“அய்யய்யோ, ரத்தமுங்களா மாப்ள? எங்க கிழிச்சீங்க?”

“ரத்தமில்ல மச்சான்.”

எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. குழம்புக் கறை பட்ட சட்டையில் சோப்பு பட்டால் இப்படித்தான் சிவக்கும். மஞ்சள். இந்தப் பச்சை ஏதோ இலையின் பச்சை என்று நினைத்திருந்தேன். இல்லை. அவுரி நீலத்தின் மேல் மஞ்சளைப் போட்டிருக்கிறாள். நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சை.

மச்சான் பையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். இருந்ததைப் பிழிந்து தண்ணீரில் கலந்து துணியை முக்கினேன். சிவப்பு இறங்கிப் பச்சை திரும்பியது.

“முருகா! பொழைச்சுது,” என்றார் மச்சான்.

பிழைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சலவைக்காரன் எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் கறை எதற்கும் போகாவிட்டால் வெயிலில் போட வேண்டும். வெயில் மஞ்சளைத் தின்றுவிடும். ஒட்டன்சத்திரம் பாதையில் வெயிலுக்கா பஞ்சம்?

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா நடந்தால் போதும். வேலை முடிந்தது.

5

மறுநாள் நான் செய்ததுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது.

வெயில் ஏறினதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பைச் சுற்றி இறக்கிக் கட்டினேன். தார் ரோட்டை விட்டுப் புளியமர நிழல் பக்கமாக ஒதுங்கி நடந்தேன். மரம் இல்லாத இடத்தில் மச்சானுக்குப் பின்னால் அவர் நிழலில் நடந்தேன். அவரும் ஒல்லி. நிழல் போதவில்லை.

“ஏனுங்க மாப்ள, எதுக்குத் துண்ட எறக்கி எறக்கி உடறீங்க? கூச்சமுங்களா?”

“வெயிலு.”

“வெயிலுன்னா தலையிலதானுங்க போடுவாங்க. இடுப்புல போடறத இப்பத்தான் பாக்கறேன்.”

விஷயத்தைச் சொன்னேன். பந்தயத்தைச் சொன்னேன். 

“புள்ள வரக்கூடாதுன்னுதான பந்தயங் கட்டுனீங்க?”

“ஆமா.”

“அப்பறம் எதுக்கு அதக் காப்பாத்தறீங்க?”

“தெரியல மச்சான்.”

“நல்ல ஆளுங்க போங்க,” என்றார். ஆனால் அதற்குப் பிறகு வெயில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாக வந்து நடந்தார்.  

தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அது போனால் அவருக்கும் நட்டம்தானே.

“மக்காச்சோளத்தக் காட்டுப்பன்னிதான் அறுவடை பண்ணுது. அவுரி மேட்டுல தானா மொளைக்கிற செடியுங்க. அதுக்கு ஒரு புள்ள பிளேன் ஏறி வருதுன்னா, அதுல என்னமோ இருக்குது. என்னன்னு எனக்குந் தெரியல.”

ஒட்டன்சத்திரம் தாண்டும்போது முன்பக்கம் வெளுக்க ஆரம்பித்தது. அதற்கும் அடுத்த நாள் ஆயக்குடி வருவதற்குள் முழங்காலுக்குக் கீழே பச்சை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பழைய பள்ளிக்கூடப் பாவாடை மாதிரி நீலம். அந்த நீலம் மட்டும் அசையவே இல்லை. வேர்வை, புழுதி, வெயில், சோப்பு எதற்கும் அது இறங்கவில்லை.

அன்னதானப் பந்தலில் சாம்பார் சாதம் ஊற்றின அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சாமி, சபரிமலைக்குப் போயிட்டு வாரீகளா? மாலையக் கழட்டலையா இன்னும்?”

“இல்லம்மா, பழனிக்குத்தான்.”

“பெறகு நீலத்தக் கட்டியிருக்கீக?”

மச்சான் முந்திக்கொண்டார். “பச்சையாத்தானுங்க கெளம்புனாரு. வர்ற வழியில மனசு மாறிட்டாரு.”

பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

6

அடிவாரம் சேர்ந்ததும் யாழினி வீடியோவில் வந்தாள். அவளுக்குப் பின்னால் கடையின் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மல்லிகாவும் பக்கத்தில் நின்றாள்.

“வந்து சேந்துட்டீங்களாப்பா? கால் வலிக்குதா?”

“இல்ல.”

“காட்டுங்க.”

போனை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தேன். கீழே குனிந்து பார்த்தேன். முன்பக்கம் நீலம். பின்பக்கமும் அதேதான் என்று மச்சான் கண்ணால் காட்டினார். துண்டு மூடியிருந்த இடம் இரண்டுங்கெட்டானாக இருந்தது.

வேட்டியின் முனை இடுப்பில் பல மடிப்பாகச் சுருட்டிச் செருகியிருந்தது. வெயிலே படாத இடம். அதை உருவினேன். கிளம்பின அன்று இருந்த அதே முருங்கைக் கொழுந்து. அதைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். திரை முழுக்கப் பச்சை.

“அடடே,” என்றாள் மல்லிகா. “பச்சையாத்தான் இருக்குது.” குரலில் சந்தோஷம் இல்லை. ஆனால் அவள் பேச்சு மாறாதவள்.

யாழினி போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். பிறகு, “அப்பா, போன கொஞ்சம் கீழ இறக்குங்க,” என்றாள்.

“என்ன? கேக்கல.”

“கீழப்பா. காலுகிட்ட.”

“நெட்டு கெடைக்கல. கட்டாகுது.”

கட் செய்துவிட்டேன்.

மச்சான் சுற்றிலும் பார்த்தார். “ஏனுங்க மாப்ள, இந்த அடிவாரத்துல நாலு டவரு நிக்குதுங்க.”

நான் முனையைத் திரும்பச் செருகினேன்.

“முருகன் வாசல்ல நின்னு பொய்யுங்களா?”

“எங்க பொய்யி? பச்சையத்தான காட்டுனேன்.”

“அதுஞ் செரிதானுங்க,” என்றார். “அப்பத் தோட்டம்?”

“தென்னைய மட்டும் நீங்க பாத்துக்கங்க மச்சான்.”

படி ஏறினோம். நீல வேட்டியோடு நான் ஒருவன்தான் பழனி மலை ஏறினேன் என்று நினைக்கிறேன்.

7

ஆனி மாதம் அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திருச்சி ஏர்போர்ட்டில் எனக்கு இந்தியர் வரிசை. அவளுக்கு வெளிநாட்டுக்காரர் வரிசை. என் வரிசை சீக்கிரம் நகர்ந்தது. நான் அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டேன். திரும்பிப் போக டிக்கெட் வைத்திருந்தவன் நான். ஊரிலேயே தங்க வந்தவள் அவள். அதிகாரி அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்பதால் காதில் விழவில்லை. அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். விரல் நகமெல்லாம் நீலம்.

அவளுக்கு இந்திய வம்சாவளி அட்டை எடுக்க என் பாஸ்போர்ட் வேண்டியிருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்காமல் இத்தனை வருடம் டீ குடித்துவிட்டு வந்தது இதற்குத்தானா என்றால், அதுவும் தெரியாது.

முதல் அவுரி வெட்டு சரியாக வரவில்லை. இரண்டாவதில் கொஞ்சம் நீலம் கிடைத்தது. அக்கா சமையல், மச்சான் கேலி, கிணற்றில் மோட்டார் கோளாறு. அழுதாள் என்று அக்கா சொன்னாள். அழவில்லை என்று அவள் சொன்னாள். மல்லிகா தினமும் இரண்டு தடவை போன் பண்ணுகிறாள். மகள் இங்கே இருந்தபோது அவர்கள் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

நேற்று எனக்குப் போன் வந்தது. இந்த வருடமும் நடக்க வரச் சொன்னாள். ஒரு படம் அனுப்பினாள். புது வேட்டி.

“எப்படிப்பா இருக்கு?”

“சாணி மாதிரி இருக்கு.”

சிரித்தாள். “மஞ்சளுக்குப் பதிலா மாதுளைத் தோலும் கடுக்காயும் போட்டேன். இது நிக்கும்பா. வெயில்ல வைச்சுப் பாத்துட்டேன்.”

“போன வருசத்துது நல்லா இருந்துச்சு.”

“அது நிக்காதுல்ல.”

நான் கையில் இருந்த மஞ்சள் வேட்டியை மடித்து வைத்தேன்.

“முழங்காலுக்குக் கீழ நீலமாயிருச்சுதானே?” என்றாள்.

“மச்சான் சொன்னாரா?”

“மாமா வாயத் தெறக்கல. நான் போட்ட சாயம்பா அது. எங்க போகும், எப்பப் போகும்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா மஞ்சளப் போட்ட? மாதுளை அன்னைக்கும் இருந்துச்சில்ல?”

“இருந்துச்சு. ஆனா அந்தப் பச்சை உங்களுக்குப் பிடிக்காதுப்பா. ஒரு நாளாவது நல்ல பச்சையக் கட்டிட்டு நடங்கன்னு தோணுச்சு.”

“தோட்டம் போயிருந்தா?”

“போயிருக்கும்.”  அவளுக்குப் பின்னால் கிணற்று மோட்டார் சத்தம் கேட்டது. “சரி, நான் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. நீங்க எதுக்கு உள்பக்கத்தக் காட்டுனீங்க?”

நெட்டு கெடைக்கல என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தத் தடவை நெட்டு நன்றாகத்தான் இருந்தது.